விமானம் ஏறாமல் அலாஸ்காவின் பனியாறுகளைப் பார்ப்பது எப்படி?

விமானத்தில் ஏற முடியாதவர்கள், ஏறவே மாட்டேன் என்பவர்கள் என இரு வகையினருக்கும் அலாஸ்காக் கப்பல் பயணத்தைத் திட்டமிட்டுக் கொடுத்திருக்கிறேன். காதில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர் ஒருவர். விமானம் என்ற சொல்லைக் கேட்டாலே உள்ளங்கை வியர்க்கும் உறவினர் ஒருவர். இவர்களும் இவர்களைப் போன்ற மற்றவர்களும் தடுக்கி விழுந்தது பெரும்பாலும் ஒரே இடத்தில்தான். ரயில் டிக்கெட்டை முதலில் எடுத்தார்கள், அந்தத் தேதிக்கு ஏற்ற கப்பலைத் தேடினார்கள், அந்தக் கப்பல் எந்தப் பனியாற்றுக்குப் போகிறது என்பதைக் கடைசியில் பார்த்தார்கள். வரிசை தலைகீழ். ஒத்துவராத பயணங்களை முதலில் கழித்துவிட வேண்டும். பிறகு பனியாறு, அதன் பிறகு கப்பல், ரயில் கடைசியில்.

வட அமெரிக்காவுக்குள் இருந்தபடி, ரயில், பஸ் அல்லது காரில் துறைமுகத்துக்கு வந்து சேரக்கூடியவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

1. ஒருவழிப் பயணங்களை முதலில் ஒதுக்குங்கள்

அலாஸ்காக் கப்பல்கள் இரண்டு விதம். புறப்பட்ட துறைமுகத்துக்கே திரும்பி வருபவை ஒரு விதம். ஓரிடத்தில் ஏற்றி வேறோர் இடத்தில் இறக்கிவிடுபவை இன்னொரு விதம். விளம்பரங்களில் பனியாறுகளின் பெயரைச் சொல்லிக் கவர்ந்திழுக்கும் ஏழு நாள் பயணங்களில் பல இரண்டாவது விதம். கனடாவின் வான்கூவரில் ஏறினால் அலாஸ்காவின் சீவர்டிலோ விட்டியரிலோ இறக்கிவிடுவார்கள். அங்கிருந்து ஆங்கரேஜுக்கு ரயில் உண்டு. அதற்குப் பிறகு எல்லோரும் விமானத்தில்தான் திரும்புவார்கள் என்ற கணக்கில் அமைந்த பயணம் அது. எனக்குத் தெரிந்த ஒருவர் முன்பணம் கட்டிய பிறகுதான் இதைக் கவனித்தார். இறங்கும் துறைமுகத்தின் பெயரைப் படிக்காமல் அவர் படித்தது விலையை மட்டும்தான்.

விமானம் வேண்டாம் என்பவருக்கு ஏற்ற சுற்றுப் பயணங்கள் முக்கியமாக மூன்று ஊர்களிலிருந்து கிளம்புகின்றன: சியாட்டில், வான்கூவர், சான் பிரான்சிஸ்கோ. முதல் இரண்டிலிருந்து பெரும்பாலும் ஏழு நாள். சான் பிரான்சிஸ்கோவிலிருந்து பத்து நாள் அல்லது அதற்குச் சற்று மேல், போகும்போதும் வரும்போதும் ஏறத்தாழ இரண்டிரண்டு நாள் வெறும் கடல். அந்த வெறும் கடலைச் சிலர் குறையாகச் சொல்வார்கள். கலிஃபோர்னியாவில் இருப்பவருக்கு அது வடக்கே போகும் ரயில் பயணத்தை மிச்சப்படுத்துகிறது என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

ஒருவழிப் பயணத்தையும் பயன்படுத்த ஒரு வழி உண்டு. வான்கூவரிலிருந்து வடக்கே போகும் ஏழு நாளையும் அதே கப்பல் தெற்கே திரும்பும் ஏழு நாளையும் அடுத்தடுத்துப் பதிவு செய்வது. 14 நாள், இரட்டைச் செலவு. ஆனால் ஏழு நாள் சுற்றுப் பயணங்கள் எட்டாத பிரின்ஸ் வில்லியம் சவுண்ட் என்ற வளைகுடாவின் பனியாறுகள் வரை பார்க்கலாம். இதை சியாட்டிலில் தொடங்கி ஒட்டுப்போட முயல வேண்டாம். 1886ஆம் ஆண்டின் பயணிகள் கப்பல் சட்டம், வெளிநாட்டுக் கொடியுள்ள கப்பல் ஓர் அமெரிக்கத் துறைமுகத்தில் ஏற்றிய பயணியை இன்னோர் அமெரிக்கத் துறைமுகத்தில் இறக்கிவிடுவதைத் தடுக்கிறது. நடுவே வான்கூவரைத் தொட்டுப் போனாலும் அது போதாது. சியாட்டில் சுற்றுப் பயணங்கள் கனடாவின் விக்டோரியாவில் ஒரு மாலை நேரம் நின்று வருவதும் இதே சட்டத்தால்தான்.

2. எந்தப் பனியாறு என்று முடிவு செய்யுங்கள்

இந்தப் படியில் நேரம் செலவழித்தால் மற்றவை தாமாக அமையும். "அலாஸ்காவுக்குப் போகிறோம், பனியாறு வராமலா போகும்?" என்று நினைக்க வேண்டாம். ஏழு நாளில் கப்பல் பனியாற்றின் முன் நிற்பது பெரும்பாலும் ஒரே ஒரு நாள். அதிலும் சில மணி நேரம்தான்.

கிளேசியர் பே தேசியப் பூங்கா என் முதல் தேர்வு. ஒரு நாளைக்கு இரண்டு பெரிய கப்பல்களுக்கு மேல் உள்ளே விடமாட்டார்கள். கப்பல் கரையில் நிற்காது. பூங்கா வனக்காவலர்கள் சிறு படகில் வந்து கப்பலில் ஏறி, நாள் முழுக்க விளக்கம் சொல்வார்கள். உள்ளே போய் வெளியே வர ஒன்பது, பத்து மணி நேரம் ஆகும். முக்கியமான காட்சி மார்ஜரி பனியாறு: சுமார் ஒன்றரைக் கிலோமீட்டர் அகலம், நீர்மட்டத்துக்கு மேல் எழுபது மீட்டருக்கும் கூடுதலான உயரத்தில் நிற்கும் பனிச்சுவர். பக்கத்திலுள்ள ஜான்ஸ் ஹாப்கின்ஸ் கடல் இடுக்கில் கடல்நாய்கள் குட்டி போடுவதால் ஆகஸ்ட் முடியும்வரை பெரிய கப்பல்களுக்கு அனுமதி இல்லை. அதையும் பார்க்க விரும்பினால் செப்டம்பர் பயணம்தான். உள்ளே போக எல்லாக் கப்பல் நிறுவனங்களுக்கும் அனுமதி கிடையாது. அதிகமாகப் போகிறவை ஹாலண்டு அமெரிக்கா, பிரின்சஸ் இரண்டும். நார்வீஜியன் நிறுவனமும் போகிறது.

ஹப்பர்டு பனியாறு அளவில் எல்லாவற்றையும் தூக்கிச் சாப்பிட்டுவிடும். நீளம் சுமார் 122 கிலோமீட்டர், கடலைத் தொடும் முகப்பின் அகலம் மட்டுமே ஏறத்தாழ பத்துக் கிலோமீட்டர். மற்றவை பின்வாங்கும் காலத்தில் இது முன்னேறிக்கொண்டிருக்கிறது. ஆனால் முன்னால் மிதக்கும் பனிக்கட்டிகள் கூடிவிட்டால் கேப்டன் பல கிலோமீட்டர் தள்ளியே நிறுத்திவிடுவார். கிட்டே போகும் நாளில் அதற்கு ஈடில்லை. போக முடியாத நாளில் தூரத்தில் ஒரு வெள்ளைக் கோடு. இதில் சூதாட்டம் கொஞ்சம் உண்டு.

மூன்றாவது, அலாஸ்காவின் தலைநகரான ஜூனோவுக்குத் தெற்கே உள்ள எண்டிகாட் ஆர்ம் என்ற நீண்ட கடல் இடுக்கும் அதன் முடிவில் உள்ள டாஸ் பனியாறும். இருபுறமும் செங்குத்தான பாறைச் சுவர்கள், அருவிகள். வழி அழகாக இருக்கும். ஆனால் பெரிய கப்பல்கள் பனிக்கட்டிகளால் பலமுறை முகப்புவரை போகாமலே திரும்பியிருக்கின்றன. சில பயணங்களில் கப்பலிலிருந்து சிறு படகுக்கு மாறி அருகே போகும் சுற்றுலாவைத் தனிக் கட்டணத்துக்கு விற்பார்கள். எண்டிகாட் ஆர்ம் பயணம் எடுத்தால் அந்தப் படகுக்கும் சேர்த்துப் பணம் ஒதுக்குங்கள்.

பழைய பயணக் குறிப்புகளில் டிரேசி ஆர்ம் என்ற பெயர் அடிக்கடி வரும். எண்டிகாட் ஆர்முக்கு அருகே உள்ள இன்னொரு கடல் இடுக்கு அது. 2025 ஆகஸ்ட் 10 அன்று அங்கே பெரும் நிலச்சரிவு நிகழ்ந்து சுனாமி அலை எழுந்தது. ஆகவே பழைய படங்களை நம்பிப் பதிவு செய்யாமல், உங்கள் தேதிக்கான பயணத்திட்டத்தில் எந்தப் பெயர் இருக்கிறது என்று படியுங்கள்.

பயணத்திட்டத்தில் "ஜூனோ" என்று மட்டும் இருந்தால் அதைப் பனியாற்று நாளாகக் கணக்கில் சேர்க்காதீர்கள். அங்கே மெண்டன்ஹால் பனியாறு உண்டு. ஆனால் துறைமுகத்திலிருந்து சுமார் இருபது கிலோமீட்டர் பஸ்ஸில் போய், ஓர் ஏரிக்கு அப்பால் நின்று பார்க்க வேண்டும். நல்ல துணைக் காட்சி. கப்பலிலிருந்து பனிச்சுவரைப் பார்ப்பதற்கு அது மாற்று ஆகாது.

3. மாதத்தைத் தேர்ந்தெடுங்கள்

பருவம் ஏப்ரல் கடைசியில் தொடங்கி அக்டோபரில் முடிகிறது. தென்கிழக்கு அலாஸ்காவில் மே, ஜூன் மாதங்களில் மழை ஒப்பீட்டளவில் குறைவு. செப்டம்பர், அக்டோபரில் அதிகம். பருவத்தின் இரு ஓரங்களிலும் கட்டணம் குறையும். ஆனால் மே தொடக்கத்தில் குறுகிய கடல் இடுக்குகள் பனிக்கட்டியால் அடைபட்டிருக்க வாய்ப்பு அதிகம். கிளேசியர் பே என்றால் மே பாதிக்குப் பிறகு, எண்டிகாட் என்றால் ஜூன் பாதிக்குப் பிறகு என்று நான் சொல்லிக் கொடுக்கிறேன்.

4. ஆவணங்களைச் சரிபார்த்த பிறகு பணம் கட்டுங்கள்

இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர்கள் அதிகம் சறுக்குவது இங்கேதான். "விக்டோரியாவில் நான் இறங்கவே போவதில்லை, எனக்கு எதற்குக் கனடா விசா?" என்று கேட்பார்கள். கப்பல் கனடாவுக்குள் நுழைகிறது, அவ்வளவுதான் கேள்வி. விசா இல்லாவிட்டால் சியாட்டிலிலேயே கப்பலில் ஏற விடமாட்டார்கள். அமெரிக்க விசாவும் பலமுறை நுழைவதற்கானதாக இருக்க வேண்டும். கனடாவைத் தொட்ட கப்பலில் திரும்புவதும் அமெரிக்காவுக்குள் புதிதாக நுழைவதே.

அமெரிக்க கிரீன் கார்டு வைத்திருப்பவர்களுக்குக் கனடா விசா வேண்டாம். ஆனால் கார்டுடன் செல்லுபடியாகும் பாஸ்போர்ட்டையும் எடுத்துச் செல்ல வேண்டும். அமெரிக்கக் குடிமக்கள் சியாட்டில் சுற்றுப் பயணத்துக்குப் பிறப்புச் சான்றிதழும் அரசு அடையாள அட்டையும் காட்டி ஏறலாம் என்று விதி இருக்கிறது. இருந்தாலும் பாஸ்போர்ட் எடுத்துக்கொள்ளுங்கள். வழியில் கனடாவில் இறங்க நேர்ந்து, தரைவழியாக வேறு இடத்தில் எல்லை கடக்க வேண்டிவந்தால் அதுதான் கைகொடுக்கும்.

5. கப்பல் உறுதியான பிறகு ரயில்

கிழக்கிலிருந்து வருபவர்களுக்குச் சிகாகோவிலிருந்து சியாட்டிலுக்கு எம்பயர் பில்டர் ரயில் இருக்கிறது. இரண்டு இரவு, ஏறத்தாழ 46 மணி நேரம். லாஸ் ஏஞ்சல்ஸிலிருந்து கோஸ்ட் ஸ்டார்லைட் ஒன்றரை நாளில் சியாட்டில் வருகிறது. வான்கூவரில் ஏறுவதானால் சியாட்டிலிலிருந்து ஆம்டிராக் காஸ்கேட்ஸ் ரயில் சுமார் நான்கு மணி நேரம். கனடாவின் கிழக்கிலிருந்து வருபவர்களுக்கு டொரண்டோ–வான்கூவர் ரயில் நான்கு இரவு எடுக்கும். அது தினமும் ஓடுவதில்லை என்பதால், வான்கூவரில் கப்பலுக்கு முன் எத்தனை நாள் தங்க வேண்டியிருக்கும் என்பதை அதன் கிழமைகளே முடிவு செய்யும்.

தொலைதூர ரயில்கள் தாமதமாகும். சில மணி நேரத் தாமதம் செய்தியே அல்ல. ஆகவே கப்பல் கிளம்பும் நாளுக்குக் குறைந்தது இரண்டு நாள் முன்னதாக வந்து சேரும்படி டிக்கெட் எடுங்கள். ஒரு நாள் போதும் என்று சொல்பவர்கள் பெரும்பாலும் விமானத்தில் வருபவர்கள். அவர்களுக்கு ஒரு விமானம் ரத்தானால் அடுத்ததில் வந்துவிடலாம். நமக்கு அடுத்த ரயில் நாளைதான்.

திரும்பும் டிக்கெட்டிலும் இதே நிதானம் வேண்டும். கப்பல் காலையில் கரை சேரும், ஆனால் எல்லோரும் இறங்கி முடிய நேரமாகும். கோஸ்ட் ஸ்டார்லைட் சியாட்டிலிலிருந்து காலையிலேயே கிளம்பிவிடுகிறது. அதே நாளில் அதைப் பிடிக்கத் திட்டமிட்டால், கப்பலின் கடைசி இரவு தூக்கமில்லாமல் போகும். ஓர் இரவு சியாட்டிலில் தங்கிவிடுங்கள்.

சியாட்டிலில் இரண்டு கப்பல் முனையங்கள் உண்டு: பியர் 66, பியர் 91. முதலாவது நகரின் நடுவே, மற்றது சில கிலோமீட்டர் வடக்கே. பயணச்சீட்டில் எண்ணைப் பார்த்துவிட்டு டாக்ஸி ஏறுங்கள். வான்கூவரில் ஏறுபவர்களுக்கு அமெரிக்கக் குடியேற்றச் சோதனை முனையத்திலேயே நடந்துவிடும். வரிசை நீளமாக இருக்கும், பாஸ்போர்ட்டைப் பெட்டிக்குள் வைத்து அனுப்பிவிடாதீர்கள்.

6. கேபின்

இடப்பக்கமா வலப்பக்கமா என்று மணிக்கணக்கில் விவாதிப்பார்கள். சுற்றுப் பயணத்தில் அது வீண். போகும்போது தெரியாத கரை வரும்போது தெரியும், பனியாற்றின் முன் கப்பல் நின்ற இடத்திலேயே மெல்லத் திரும்பி இரு பக்கத்துக்கும் காட்டும்.

கவனிக்க வேண்டியது ஆட்டம். சியாட்டில் கப்பல்கள் பெரும்பாலும் வான்கூவர் தீவுக்கு மேற்கே திறந்த கடலில் போகின்றன. வான்கூவர் கப்பல்கள் தீவுகளுக்கு இடைப்பட்ட அமைதியான நீரில் போகின்றன. குமட்டல் வரும் உடம்பு என்றால் வான்கூவரையே தேர்ந்தெடுங்கள். எந்தக் கப்பலானாலும் நடுப்பகுதியில், கீழ்த்தளத்தில் உள்ள கேபின் ஆட்டம் குறைந்தது. பால்கனிக்குக் கூடுதல் பணம் கொடுப்பதா என்றால், பனியாற்று நாளில் நீங்கள் கேபினில் இருக்கப் போவதில்லை என்பதே என் பதில்.

7. கரைச் சுற்றுலாக்களில் ஒளிந்திருக்கும் விமானம்

கப்பலில் விற்கும் பனியாற்றுச் சுற்றுலாக்களில் பல ஹெலிகாப்டர் அல்லது மிதவை விமானத்தில் போவது. "பனியாற்றின் மேல் நடை", "நாய் இழுக்கும் சறுக்கு வண்டி", "மிஸ்டி ஃபியோர்ட்ஸ் காட்சி" என்ற தலைப்புகளைப் பார்த்ததும் பதிவு செய்துவிடாமல், எதில் ஏற்றிப் போகிறார்கள் என்ற வரியைத் தேடுங்கள்.

தரைவழியில் எளிதானது மெண்டன்ஹால். நகரப் பஸ் பனியாறு வரை போவதில்லை, கடைசி நிறுத்தத்திலிருந்து இரண்டு கிலோமீட்டருக்கும் மேல் நடக்க வேண்டும். சுற்றுலாப் பஸ்ஸில் இடத்தை முன்கூட்டியே எடுத்துவிடுங்கள், அனுமதிக்கப்பட்ட எண்ணிக்கை தீர்ந்தால் அன்றைக்கு விற்பனை நின்றுவிடும். அங்கே போனதும் பார்வையாளர் மையத்தில் நேரத்தைக் கழிக்காமல் நக்கெட் அருவிப் பாதையில் நடங்கள். போக வர மூன்று கிலோமீட்டருக்குச் சற்று மேல், பெரும்பாலும் சமதளம். ஸ்காக்வேயில் ஒயிட் பாஸ் ரயில் உண்டு. பனியாற்றுக்காக இல்லை என்றாலும், ஊர் முழுக்க ஹெலிகாப்டர் விற்பவர்களிடமிருந்து தப்பிக்க நல்ல இடம்.

நேரத்தைப் பற்றி ஓர் எச்சரிக்கை. ஜூனோ, கெட்சிகன், சிட்கா மூன்றுக்கும் வெளியுலகச் சாலைத் தொடர்பு கிடையாது. கப்பலைத் தவறவிட்ட மற்றவர்கள் விமானம் பிடித்து அடுத்த ஊரில் ஏறிக்கொள்வார்கள். உங்களுக்கு அந்தக் கதவு இல்லை, அடுத்த ஃபெரிக்காகக் காத்திருக்க வேண்டியதுதான். அலாஸ்கா நேரம் சியாட்டிலைவிட ஒரு மணி நேரம் பின்தங்கியது. கைபேசி ஒரு நேரத்தையும் கப்பல் வேறொரு நேரத்தையும் காட்டும் நாள் வரலாம். கப்பலின் நேரத்துக்கு வைத்த ஒரு சாதாரணக் கைக்கடிகாரம் போதும். சொந்தமாக ஏற்பாடு செய்த சுற்றுலா என்றால் இரண்டு மணி நேரம் முன்னதாகத் திரும்புங்கள்.

உடல்நலக் காரணத்தால் விமானத்தைத் தவிர்ப்பவர்கள் மருத்துவரிடம் ஒன்றை வெளிப்படையாகக் கேட்டுவிட வேண்டும். இந்தக் கடலில் அவசரச் சிகிச்சை என்றால் வான்வழியாகத்தான் கொண்டுபோவார்கள். அது ஆபத்தாகும் நிலையில் உள்ளவர் இந்தப் பயணத்துக்கே ஏற்றவரா என்பதை அவர்தான் சொல்ல முடியும்.

8. பனியாற்று நாள்

முந்தைய இரவே உடைகளை எடுத்து வையுங்கள். கோடையிலும் பனியாற்றின் மேலிருந்து இறங்கும் காற்று எலும்பைத் தொடும். ஒரு தடித்த கோட்டைவிட மெல்லிய உடைகள் மூன்று, அவற்றின் மேல் காற்றும் மழையும் புகாத மேலங்கி. கையுறை, காது மூடும் தொப்பி. எட்டு மடங்கு பெரிதாக்கும் பைனாகுலர் ஆளுக்கு ஒன்று. ஒன்றைப் பகிர்ந்துகொண்டால் கைமாறும் நேரத்தில்தான் பனிச்சுவர் உடைந்து கடலில் விழும்.

கிளேசியர் பேயில் வனக்காவலர்கள் காலையில் ஏறியதும் வெளியே போய்விடுங்கள். புதியவர்கள் மார்ஜரிக்கு நேரம் இருக்கிறது என்று உணவுக்கூடத்தில் உட்கார்ந்திருப்பார்கள். போகும் வழியில்தான் திமிங்கலங்கள், பாறைகளில் கடல்சிங்கங்கள், மலைச்சரிவில் ஆடுகள். அதோடு, முன்தளத்தில் இடம் பிடிக்க வேண்டுமானால் கப்பல் பனியாற்றின் முகப்பை நெருங்கும் முன்பே நிற்க வேண்டும். சில கப்பல்கள் வழக்கமாகப் பூட்டியிருக்கும் முன்பகுதியை அன்று மட்டும் திறந்துவிடும். எப்போது, எந்தக் கதவு வழியாக என்று முதல் நாள் இரவே பணியாளரிடம் கேட்டு வையுங்கள்.

நின்றதும் எல்லோரும் செய்யும் தவறு, சத்தம் கேட்டுத் திரும்புவது. ஒலி நொடிக்குச் சுமார் 340 மீட்டர்தான் போகும். கப்பல் ஒரு கிலோமீட்டர் தள்ளி நின்றால், இடி போன்ற அந்த ஓசை உங்களை எட்டும்போது பனி விழுந்து மூன்று நொடி ஆகியிருக்கும். நீங்கள் பார்ப்பது தெறிக்கும் நீரை மட்டும். ஆகவே காதை நம்பாமல் கண்ணை ஓரிடத்தில் நிறுத்துங்கள். முகப்பு முழுவதையும் மேய வேண்டாம். சிறு கற்கள் போலப் பனித்துகள் உதிர்ந்துகொண்டிருக்கும் பகுதி, நீர்மட்டத்தில் குடைந்ததுபோல் இருக்கும் பகுதி, முன்னால் சாய்ந்து நிற்கும் தூண் ஆகியவற்றில் ஒன்றைத் தேர்ந்து பத்து நிமிடம் விடாமல் பாருங்கள். பெரிய விழுதலுக்கு முன் அதே இடத்தில் சில சிறிய விழுதல்கள் நடப்பது வழக்கம்.

கைபேசியில் பிடிக்க ஆசையென்றால், அந்த இடத்தை நோக்கிக் காணொளியை ஓடவிட்டு, கையை அசைக்காமல் வைத்துவிட்டு, கண்ணால் நேரில் பாருங்கள். திரையைப் பார்த்துக்கொண்டே நின்ற உறவினர் ஒருவர், அன்றைய மிகப்பெரிய சரிவை உள்ளங்கை அளவில்தான் பார்த்தார்.

மேகமூட்டமாக இருந்தால் முகம் சுளிக்காதீர்கள். இறுகிய பனி ஒளியின் சிவப்பு நிறத்தை உறிஞ்சி நீலத்தை வெளிவிடுகிறது. வெயில் நேராக அடிக்கும்போது முகப்பு வெளிறிப்போகும், மேகத்தின் கீழ் அந்த நீலம் ஆழமாகத் தெரியும்.

கப்பல் திரும்பத் தொடங்கியதும் கூட்டம் உள்ளே ஓடும். அப்போது பின்தளத்துக்குப் போங்கள். இடம் காலியாக இருக்கும், பனிச்சுவர் இன்னும் அரைமணி நேரம் தெரியும்.

9. உல்லாசக் கப்பலே வேண்டாம் என்றால்

அலாஸ்கா மாநில அரசின் ஃபெரி, வாஷிங்டன் மாநிலத்தின் பெல்லிங்ஹாமிலிருந்து கிளம்புகிறது. ரயில் நிலையம் ஃபெரி முனையத்துக்குப் பக்கத்திலேயே இருப்பதால், விமானம் ஏறாதவர்களுக்கென்றே கட்டியதுபோல் இருக்கும். கெட்சிகன் வரை ஒன்றரை நாளுக்கு மேல், ஜூனோ இன்னும் வடக்கே. கேபின் கிடைக்காதவர்கள் மேல்தளத்தில் சாய்வு நாற்காலியிலோ சிறு கூடாரத்திலோ படுத்துக்கொள்வார்கள்.

இந்த ஃபெரி பனிச்சுவரின் முன் போய் நிற்காது. ஜூனோவில் இறங்கி, எண்டிகாட் பக்கம் போகும் ஒரு நாள் படகில் ஏற வேண்டும். அல்லது இன்னொரு சிறிய ஃபெரியில் குஸ்டாவஸ் போய், பார்ட்லெட் கோவ் என்ற படகுத்துறையிலிருந்து கிளம்பும் பகல் படகில் கிளேசியர் பேக்குள் நுழையலாம். குஸ்டாவஸ் ஃபெரி வாரத்தில் சில நாள்தான். அதன் கால அட்டவணையை முதலில் எடுத்து, பகல் படகை அதற்குப் பொருத்தி, அறையை அதற்குப் பின் பிடித்து, பெல்லிங்ஹாம் ஃபெரியையும் ரயிலையும் கடைசியில் எடுங்கள்.